பன்னிரண்டு செவ்வாய்க்கிழமைகள்

போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு சான்றிதழ் கிடைத்தது. நல்ல தடிமனான தாள், ஓரத்தில் தங்க நிற பார்டர். பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டிக்குக் கொடுப்பார்களே, அதே மாதிரி. ஆனால் வீட்டுச் சுவரில் மாட்ட முடியாது. அதில் எழுதியிருப்பது: கோபக் கட்டுப்பாட்டு வகுப்பு, 12 அமர்வுகள், நிறைவு செய்தார். அடுத்த மாதம் அதை நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும்.

ஆமாம், நீதிமன்ற உத்தரவின் பேரில்தான் போனேன். என்னோடு படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இது ஏற்கெனவே வதந்தியாகத் தெரியும். ஒருத்தன் "நீ ஜெயில்ல இருந்தியாமே மச்சி" என்று கேட்டான். இல்லை. வதந்தியை விட உண்மை கொஞ்சம் அசிங்கமானது, அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் கலிஃபோர்னியாவில் எம்.எஸ். படிக்கிறேன். எங்கள் அபார்ட்மெண்டில் ஆளுக்கு ஒரு கார் நிறுத்தும் இடம் உண்டு. என்னுடையது 16. மூன்று வாரமாக அதில் வேறு ஒருவருடைய கார் நின்றது. நான் லேபிலிருந்து திரும்புவது ராத்திரி ஒரு மணிக்கு மேல். அந்த நேரத்தில் தெருவில் இடம் தேடி நிறுத்துவேன். காலையில் தெரு கூட்டும் வண்டி வரும் நாளாக இருந்தால் அபராதச் சீட்டு ஒட்டியிருக்கும். இரண்டு முறை ஒட்டியிருந்தது, தலா 73 டாலர்.

ஒரு வியாழக்கிழமை இரவு 1:40 மணி. இரண்டு நாளாக ஓடாத புரோகிராம் அன்றும் ஓடவில்லை. வந்து பார்த்தால் அதே கார். கையில் ஸ்டீல் தண்ணீர் பாட்டில் இருந்தது. ஓங்கி ஒரு அடி. பக்கக் கண்ணாடி உடைந்தது மட்டுமில்லை, கூடோடு சேர்ந்து ஒயரில் தொங்கியது. சத்தம் கேட்டு அந்த மனிதர் பால்கனிக்கு வந்தார். நான் அண்ணாந்து பார்த்துக் கத்தினேன், அதுவும் தமிழில். அவருக்கு ஒரு வார்த்தை கூடப் புரிந்திருக்காது, ஆனால் எல்லாமே புரிந்திருக்கும். அவர் பின்னால், கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, ஐந்தாறு வயதுப் பெண் குழந்தை ஒன்று நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

போலீஸ் வந்தது. விலங்கு மாட்டவில்லை. குறிப்பிட்ட தேதியில் நீதிமன்றத்துக்கு வருவேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். பிறர் பொருளைச் சேதப்படுத்தியது, தண்டனைச் சட்டம் 594-வது பிரிவு.

*

அரசு செலவில் ஒரு வழக்கறிஞர் அம்மா கிடைத்தார். 'என்ன நடந்தது' என்று அவர் முதலில் கேட்கவில்லை. 'நீங்கள் அமெரிக்கக் குடிமகனா?' என்பதுதான் முதல் கேள்வி.

அதற்குக் காரணம் இருக்கிறது. ஹோசே படிய்யா என்று ஹோண்டுராஸ் நாட்டவர் ஒருவர். 40 வருடத்துக்கும் மேலாக அமெரிக்காவில் நிரந்தர வசிப்புரிமையோடு இருந்தவர், வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். லாரியில் கஞ்சா ஏற்றிப்போய் கென்டக்கி மாநிலத்தில் மாட்டிக்கொண்டார். 'இத்தனை வருஷம் இருந்துவிட்டீர்கள், குடியேற்ற விவகாரத்தில் பயம் வேண்டாம்' என்று வக்கீல் சொன்னதை நம்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட அந்தக் குற்றமோ நாட்டை விட்டு அனுப்பும் குற்றம். 2010-ல் உச்ச நீதிமன்றம், நாடு கடத்தப்படும் ஆபத்து இருந்தால் அதை வக்கீல் சொல்லியே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் புண்ணியம்தான் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

நான் செய்ததெல்லாம் 'ஆமாம் சார், தப்புதான், அபராதம் கட்டிடறேன்' என்று சொல்லி முடித்துவிடலாம் என்று நினைத்ததுதான். ஊரில் டிராஃபிக் போலீஸிடம் சொல்வது மாதிரி! அப்படிச் சொல்லியிருந்தால் அது குற்ற ஒப்புதல். குடியேற்றச் சட்டத்தைப் பொறுத்தவரை ஒப்புதலும் அதற்கு ஏதாவது ஒரு தண்டனையும் இருந்தால் அது தண்டிக்கப்பட்ட வழக்குதான், பிறகு மாநில நீதிமன்றம் அதை அழித்தாலும் பெரும்பாலும் அழியாது.

இன்னொரு விஷயம். சேதம் 400 டாலரைத் தொட்டால் அரசுத் தரப்பு நினைத்தால் பெரிய குற்றமாகவே வழக்குப் போடலாம். கண்ணாடிக்கு வந்த பில் 312 டாலர். 88 டாலர் வித்தியாசத்தில்தான் சிறிய குற்றமாக நின்றேன். அந்தக் கார் இன்னும் கொஞ்சம் விலை உயர்ந்த காராக இருந்திருந்தால்... யோசித்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

கலிஃபோர்னியாவில் 2021 ஜனவரியிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. சில வகைச் சிறிய குற்றங்களில், அரசு வக்கீல் எதிர்த்தாலும், நீதிபதி வழக்கை அதிகபட்சம் இரண்டு வருடம் வரை நிறுத்தி வைத்து நிபந்தனைகள் போடலாம். குற்றத்தை ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. நிபந்தனைகளை முடித்தால் வழக்கு தள்ளுபடி. குடும்ப வன்முறை வழக்குகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவற்றில் தண்டனையை நிறுத்தி நன்னடத்தையில் விட்டால், 52 வாரத்துக்குக் குறையாத வேறு ஒரு வகுப்புக்குப் போக வேண்டும்.

எனக்குப் போட்ட நிபந்தனைகள் மூன்று. கண்ணாடிக்குப் பணம். அந்த மனிதரையும் அவர் குடும்பத்தையும் நெருங்கக் கூடாது, எந்த வகையிலும் தொடர்பு கொள்ளக் கூடாது. பன்னிரண்டு வாரம் கோபக் கட்டுப்பாட்டு வகுப்பு. இரண்டாவது நிபந்தனையால் அந்த அபார்ட்மெண்டை விட்டே கிளம்பி, ஒரு சீனியர் வீட்டு ஹாலில் படுக்கை போட்டேன்.

*

செவ்வாய்க்கிழமை தோறும் மாலை 6:30 முதல் 8 வரை வகுப்பு. ஒரு அமர்வுக்கு 40 டாலர். பத்து நிமிடம் தாமதமானால் கதவு சாத்திவிடுவார்கள், அந்த வாரம் கணக்கில் வராது. வட்டமாகப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு காபி மெஷின், ஒரு வெள்ளைப் பலகை.

உள்ளே நுழையும்போது 'நான் இவங்க மாதிரி ஆள் இல்லை' என்ற எண்ணம்தான் எனக்கு. பத்தாவது நிமிடத்தில் தெரிந்தது, அந்த வட்டத்தில் இருந்த எல்லோருக்கும் அதே எண்ணம் :-)

முதல் விதி: இங்கே கேட்டது வெளியே போகக் கூடாது. அதனால் அவர்கள் கதை எதையும் இங்கே எழுதப் போவதில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் இருந்தார், கோட்டு சூட்டோடு வருகிறவர் ஒருவர் இருந்தார், அவ்வளவு சொன்னால் போதும். ரவுடிகள் யாரும் இல்லை.

இந்த வகுப்புகளில் பல, ஒரே ஒரு கையேட்டின் வழியில் நடக்கின்றன. சான் ஃபிரான்சிஸ்கோவில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் போதைப் பழக்கத்திலிருந்து மீள்கிறவர்களுக்காக உருவான முறை. ரைலி, ஷாப்ஷையர் என்ற இரண்டு பேர் முக்கியமாக எழுதியது. 2002-ல் அரசாங்கமே அச்சிட்டது. அதற்கும் முன்னால் 1975-ல் ரேமண்ட் நொவாக்கோ என்ற உளவியலாளர் கோபத்தைப் பயிற்சியால் கையாளலாம் என்று புத்தகம் எழுதினார். அவரும் கலிஃபோர்னியாக்காரர்தான்.

முதல் வாரம் சொல்லிக் கொடுப்பது கோப மீட்டர். ஒன்று என்றால் முழு அமைதி. பத்து என்றால் கட்டுப்பாடு போய், பின்விளைவும் வந்துவிட்டது. ஒவ்வொரு வாரமும் வட்டத்தில் ஒவ்வொருவராக, 'இந்த வாரம் என் மீட்டர் அதிகபட்சம் எவ்வளவு போனது, ஏன் போனது, உடம்பில் என்ன தெரிந்தது, என்ன செய்தேன்' என்று சொல்ல வேண்டும்.

முதல் வாரம் நான் "மூன்று" என்றேன். வகுப்பு நடத்துகிறவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "சரி, இரண்டில் இருந்தபோது உடம்பில் என்ன தெரிந்தது?" என்று கேட்டார். பதில் இல்லை. எனக்கு ஒன்றும் தெரியாது, பத்தும் தெரியும். நடுவில் இருக்கும் எட்டு எண்ணைப் பற்றி எனக்கு எந்தத் தகவலும் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அந்த மீட்டரைத் தமிழில் போட்டுப் பார்த்தேன். சலிப்பு இரண்டு. கடுப்பு மூன்று. எரிச்சல் நான்கு. கோபம் ஆறு. ஆத்திரம் எட்டு. வெறி பத்து. நம் மொழியில் இத்தனை படிகள் தயாராக இருக்கின்றன, நான்தான் எல்லாவற்றுக்கும் 'செம கடுப்பு மச்சி' என்று ஒரே வார்த்தையைப் போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். பெயர் இல்லாத படியில் எப்படி நிற்பது? வழுக்கி நேராக மேலே போய்விடுகிறோம்.

நம் ஆட்கள் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. ஆத்திச்சூடியில் இரண்டாவது பாடமே கோபம்தான். திருக்குறளில் 31-வது அதிகாரம் வெகுளாமை, பத்துக் குறள். அதில் ஆறேழு எனக்கு மனப்பாடம், மார்க்கும் வாங்கியிருக்கிறேன்! தொல்காப்பியம் இன்னும் வேடிக்கை. மெய்ப்பாட்டியலில் வெகுளிக்கு நான்கே நான்கு காரணங்கள் சொல்கிறது. உறுப்பை வெட்டுவது, குடிக்குத் தீங்கு செய்வது, அலைப்பது, கொல்வது. பார்க்கிங் அதில் இல்லை :-) அலைப்பது என்பதற்குள் வேண்டுமானால் கஷ்டப்பட்டு நுழைக்கலாம்.

மனப்பாடம் செய்ததற்கும் வகுப்பில் செய்ததற்கும் என்ன வித்தியாசம்? குறள் கோபப்படாதே என்று சொல்கிறது. வகுப்பு அப்படிச் சொல்லவே இல்லை. கோபம் ஒரு உணர்ச்சி, அது வரும், வரட்டும். அடிப்பதும் உடைப்பதும் மிரட்டுவதும் செயல். இரண்டையும் பிரி என்கிறது. நான் தண்ணீர் பாட்டிலை ஓங்கியதற்குக் கோபம் காரணம் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். அப்படியானால் அதே கோபம் என் பேராசிரியர் மீது வரும்போது நான் ஏன் அவர் காரை உடைப்பதில்லை? யார் மீது காட்டலாம் என்று கணக்குப் போடத் தெரிந்த கோபத்தை, தாங்க முடியாத கோபம் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். கோபத்தை உள்ளே வைக்கக் கூடாது, தலையணையைக் குத்தி வெளியேற்ற வேண்டும் என்று நானே நாலு பேருக்கு அட்வைஸ் செய்திருக்கிறேன். தப்பு. புஷ்மன் என்ற ஆராய்ச்சியாளர் 2002-ல் 600 கல்லூரி மாணவர்களை வைத்துப் பார்த்திருக்கிறார். கோபப்படுத்தியவனை நினைத்துக்கொண்டு குத்துப் பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் குறையவில்லை, கூடியது. ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களை விட நன்றாக இருந்தார்கள். அட்வைஸ் கேட்ட நாலு பேரும் மன்னிக்கவும்.

*

ஐந்தாவது வாரத்தை ஒட்டி ஒரு பயிற்சி. ஆல்பர்ட் எல்லிஸ் என்ற உளவியலாளர் காட்டிய வழி. நடந்தது என்ன, அதைப் பற்றி நான் நம்பியது என்ன, விளைவு என்ன என்று மூன்று கட்டம் போட்டு எழுத வேண்டும். பிறகு நாலாவது கட்டத்தில் அந்த நம்பிக்கையோடு நாமே வாதாட வேண்டும்.

நடந்தது: என் இடத்தில் அவர் கார். நம்பியது: அவன் வேண்டுமென்றே செய்கிறான், என்னை ஒரு ஆளாக மதிக்கவில்லை. விளைவு: தெரிந்ததே. நாலாவது கட்டம் காலியாக இருந்தது. என்ன வாதாடுவது, அவன் செய்தது தப்புதானே?

அந்த வாரம் வழக்கறிஞர் அம்மா போலீஸ் அறிக்கையின் நகலைக் காட்டினார். அதில் அந்த மனிதரின் வாக்குமூலம். புதிதாகக் குடிவந்தவர். ஒப்பந்தத்தில் அவருக்குக் கொடுக்கப்பட்ட இடம் 16. அபார்ட்மெண்ட் அலுவலகம் ஒரே எண்ணை இரண்டு பேருக்கும் கொடுத்திருக்கிறது. என் காரை 16-ல் பார்த்த நாட்களில் அவரும் தெருவில்தான் நிறுத்தியிருக்கிறார்.

மூன்று வாரத்தில் நான் ஒரு நாள் கூட அலுவலகத்துக்குப் போய்க் கேட்கவில்லை. கதவைத் தட்டிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. நாலாவது கட்டத்தில் அதை எழுதினேன். கை நடுங்கியது. கோபத்தால் இல்லை.

*

அடுத்து வந்த வாரம்தான் எனக்குக் கடினமான வாரம். 'கோபமும் குடும்பமும்' என்று தலைப்பு. உன் வீட்டில் கோபத்தை யார், எப்படிக் காட்டினார்கள்? அப்போது நீ என்ன செய்தாய்? வட்டத்தில் சொல்ல வேண்டும்.

என் அப்பாவிடம் ஒரு டிவிஎஸ் 50 இருந்தது. சாயங்காலம் அது தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டதும் நானும் தங்கையும் டிவி சத்தத்தைக் குறைப்போம். வாசலில் ஸ்டாண்ட் போடும் சத்தம் வரும். அந்தச் சத்தத்தை வைத்தே அன்றைக்கு எப்படி என்று தெரிந்துவிடும். மெதுவாகப் போட்டால் பேசலாம். 'டங்' என்று கேட்டால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விட வேண்டும். அம்மா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வருவாள். தட்டு பறந்த நாட்களும் உண்டு. மறுநாள் அப்பா கை நிறைய பக்கோடா வாங்கி வருவார். அம்மா எங்களிடம், "கோபம் இருக்கிற இடத்துலதான்டா குணம் இருக்கும்" என்பாள்.

இதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். பழமொழியை மொழிபெயர்த்தபோது அறையில் யாரும் பேசவில்லை. வகுப்பு நடத்துகிறவர், "அந்தப் பழமொழி யாரைப் பாதுகாக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

அப்பா நல்லவர். எனக்காகக் கடன் வாங்கியவர். அவர் குணத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் குணம் கோபத்தால் வந்ததில்லை. கோபம் இருந்தும் குணம் இருந்தது. இது எனக்கு இருபத்துமூன்று வயதில்தான் புரிகிறது.

அந்த வார வீட்டுப்பாடம்: உன்னோடு வசித்த ஒருவரிடம், 'எனக்குக் கோபம் வந்தால் உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேள். பழைய அறைத்தோழனுக்கு போன் செய்தேன். தயங்கினான். பிறகு சொன்னான். "தப்பா எடுத்துக்காத மச்சி. நீ கார் கதவைச் சாத்துற சத்தம் மேல வரைக்கும் கேக்கும். அதை வச்சுதான் நாங்க ரெண்டு பேரும் ஹால்ல இருக்கலாமா, ரூமுக்குப் போயிடலாமான்னு முடிவு பண்ணுவோம்."

போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். டிவிஎஸ் 50 ஸ்டாண்ட் சத்தம். பால்கனிக் கதவுக்குப் பின்னால் நின்ற அந்தக் குழந்தை.

*

வீட்டில் சொல்லியிருக்கவில்லை. பத்தாவது வாரம் வகுப்பு முடிந்ததும் போன் செய்தேன், அங்கே புதன்கிழமை காலை. அப்பா முழுசாகக் கேட்கவில்லை. 'கோர்ட்' என்ற வார்த்தை வந்ததுமே ஆரம்பித்துவிட்டார். கடன், மானம், ஊர் சிரிப்பு, எல்லாம் வந்தது. என் மீட்டர் நாலு, ஐந்து என்று ஏறுவது தெரிந்தது. தாடை இறுகியது, காது சூடானது. முன்பெல்லாம் இந்த இடத்தில் நானும் கத்துவேன். "அப்பா, நான் இப்ப போனை வச்சிடறேன். அரை மணி நேரத்துல திரும்பக் கூப்பிடறேன்பா" என்றேன். வகுப்பில் இதற்கு டைம்-அவுட் என்று பெயர். திரும்ப வருவேன் என்று சொல்லிவிட்டுப் போவதுதான் இதில் முக்கியம், சொல்லாமல் போனால் அது கதவை அறைந்து சாத்துவதுதான்.

இருபது நிமிடத்தில் அவரே கூப்பிட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சாப்டியாடா?" என்றார்.

இன்னும் சாப்பிடவில்லை என்றேன். "அந்த கிளாஸ்ல என்ன சொல்லித் தர்றாங்க?" என்று கேட்டார். மீட்டரைப் பற்றிச் சொன்னேன். சிரிக்கவில்லை. "எல்லாருக்கும் சொல்லித் தருவாங்களா?" என்றார். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

*

மொத்தக் கணக்கு: கண்ணாடி 312, வகுப்பு 480, ஆக 792 டாலர். சான்றிதழைக் கொடுத்ததும் வழக்கு தள்ளுபடியாகும் என்று வழக்கறிஞர் சொல்கிறார். கைது நடக்கவே இல்லை என்று கலிஃபோர்னியா சட்டம் கருதும். ஆனால் விசா விண்ணப்பத்தில் 'எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா, மன்னிப்புக் கிடைத்திருந்தாலும் சொல்லவும்' என்ற ரீதியில் ஒரு கேள்வி இருக்கிறது. அதனால் நீதிமன்றக் காகிதங்களை ஒரு ஃபைலில் போட்டு, பாஸ்போர்ட்டோடு ஆயுள் முழுவதும் சுமக்க வேண்டும். வெளிநாட்டில் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இப்படி எதிலாவது மாட்டினால், வக்கீலிடம் பேசாமல் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வக்கீல் உங்கள் விசா பற்றிக் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

மாறிவிட்டேனா? தெரியாது. போன வாரம் கூட ஏழு போனது. ஆனால் நாலில் இருக்கும்போதே நாலு என்று தெரிந்தது, அது புதுசு.

ஒன்று மட்டும் பாக்கி. அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு அனுமதி இல்லை, கடிதம் கூட எழுதக் கூடாது. வழக்கு முடிந்ததும் எழுதலாமா என்று கடைசி வகுப்பில் கேட்டேன். "அந்தக் கடிதம் அவருக்குத் தேவையா, உங்களுக்குத் தேவையா?" என்று திருப்பிக் கேட்டார்கள். எனக்குத்தான். அதனால் எழுதப் போவதில்லை.

காரை விட்டு இறங்கும்போது கதவை இப்போது மெதுவாகச் சாத்துகிறேன். சில சமயம் சரியாகச் சாத்தாமல் மறுபடி திறந்து சாத்த வேண்டியிருக்கிறது. பரவாயில்லை.